வேலியோரக் கொடியும் விடாத அரிப்பும்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கும்போது கூரைக்கு எத்தனை வயது என்று பார்க்கிறார்கள், நிலவறையில் நீர் கசிகிறதா என்று பார்க்கிறார்கள், ரேடான் வாயுவை அளக்கிறார்கள், மரச்சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள். கொல்லைப்புற வேலியில் படர்ந்திருக்கும் கொடி என்ன கொடி என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. மூன்று இலையைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது சாரணர் முகாம்களிலேயே அவர்களுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அடுக்ககங்களில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, நடுவயதில் முதன்முதலாகப் புல்வெட்டும் இயந்திரம் வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான், தொட்டால் தோலில் கொப்புளம் எழுப்பும் பாய்சன் ஐவி என்ற அந்தக் கொடி புதிய பாடமாக வந்து சேர்கிறது.

இந்தச் செடிக்கு நிலையான உருவம் கிடையாது. ஓரிடத்தில் தரையோடு தவழும், வேறோரிடத்தில் முழங்கால் உயரப் புதராக நிற்கும், ஓக் மரம் அகப்பட்டால் உச்சிவரை ஏறிவிடும். இலையின் விளிம்பில் பற்கள் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். இளவேனிலில் துளிர் செம்மையாக மினுமினுக்கும், கோடையில் சாதாரணப் பச்சையாகிவிடும், இலையுதிர் காலத்தில் அந்த வட்டாரத்திலேயே அழகான சிவப்பாக மாறும். மாறாமல் இருப்பவை சில அடையாளங்கள்தாம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். அவற்றில் நடு இலைக்கு மட்டும் தனிக்காம்பு நீளமாக இருக்கும், பக்கத்து இலைகள் இரண்டும் காம்பே இல்லாதவைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இலைக்காம்புகள் தண்டில் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும். பார்வைக்கு இதைப் போலவே மூன்று சிற்றிலைகளுடன் முளைக்கும் பாக்ஸ் எல்டர் கன்றில் அவை எதிரெதிராக இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய இது ஒன்றே போதும். தண்டில் முள் இருந்தால் அது பாய்சன் ஐவி அல்ல, காட்டு பிளாக்பெரியாக இருக்கலாம். ஐந்து சிற்றிலைகள் இருந்தால் வர்ஜீனியா க்ரீப்பர். மரத்தில் ஏறி முதிர்ந்த தண்டு முழுவதும் பழுப்பு நிற வேர்கள் மயிர் அடர்ந்ததுபோலப் படர்ந்திருக்கும். இலையெல்லாம் உதிர்ந்த ஜனவரியில் அந்த மயிர்த்தண்டுதான் ஒரே எச்சரிக்கை, ஏனென்றால் தோலைப் பாதிக்கிற எண்ணெய் இலையில் இருப்பதுபோலவே இலை இல்லாத தண்டிலும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான கேப்டன் ஜான் ஸ்மித், தம் நாட்டு ஐவியைப் போன்ற தோற்றமுடைய இந்தச் செடியைத் தொட்டால் தோல் சிவந்து, அரித்து, கொப்புளம் எழும் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் இது ஐவி இனமே அல்ல. இதன் உறவினர்கள் யார் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது தெரியவந்ததும் பிறகுதான்.

எங்கள் வேலியில் இது தனித்து நிற்கவில்லை. ஹனிசக்கிள், காட்டுத் திராட்சை, உண்மையான இங்கிலீஷ் ஐவி எல்லாம் ஒன்றோடொன்று பின்னி மரப்பலகைகளையே மறைத்திருந்தன. வேலியை மாற்றித் தர வருபவர்கள் கொடிகளை நீங்களே அகற்றி வைத்தால்தான் வேலையைத் தொடங்குவோம் என்று சொல்லிவிட்டபடியால், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் கணவரும் கத்தரியும் கையுறையுமாக அதில் இறங்கினோம். அன்று மாலைவரை ஒன்றும் தெரியவில்லை. செந்தட்டி பட்டால் பட்ட கணமே சுரீர் என்று எரியும், கையை எடுத்துவிடுவோம். இந்தச் செடி அப்படி எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை என்பதுதான் இதன் பெரிய சங்கடம். திங்கட்கிழமை காலையில் இடது மணிக்கட்டின் உட்புறத்தில், கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்கும் இடைவெளியில், கோடு போட்டதுபோலச் சிவந்த தடிப்புகள் எழுந்தன. மாலைக்குள் அந்தக் கோடுகளின் மேல் சிறு சிறு கொப்புளங்கள் வரிசை கட்டின. மறுநாள் முழங்கையின் மடிப்பிலும் கழுத்திலும் பரவியது. கணவருக்கு ஒன்றுமே இல்லை.

அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் அம்மா கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கொட்ட எண்ணெ பட்ட கையாட்டம் இருக்கே" என்றார். அம்மாவின் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். அங்கே முந்திரிக்கொட்டையை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். இல்லையென்றால் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைக் கருக்கி, தோலைப் பொத்துப்போகச் செய்துவிடும். சிறுவயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் முந்திரிக்காட்டில் பொறுக்கிய கொட்டைகளைச் சருகு நெருப்பில் போட்டுச் சுட்டு, அவசரத்தில் பல்லால் கடித்து உடைத்து, உதடு வெந்துபோய்த் திட்டு வாங்காத பிள்ளைகள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான் அம்மா சொன்னதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு தோல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அவர் அதையே தாவரவியலாகச் சொன்னார்.

பாய்சன் ஐவி, முந்திரி, மா, பிஸ்தா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். பாய்சன் ஐவியின் இலை, தண்டு, வேர், காய் எல்லாவற்றிலும் ஓடுகிற எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். முந்திரி ஓட்டின் எண்ணெயில் உள்ள கார்டால் போன்ற பொருள்களும், மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பாலில் உள்ள பொருள்களும் அமைப்பில் உருஷியாலுக்கு மிக நெருக்கமானவை. ஒன்றுக்குப் பழகிச் சினந்த உடம்பு இன்னொன்றைக் கண்டாலும் சினக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஏப்ரலில் பென்சில்வேனியாவில், சிறுவர் பேஸ்பால் அமைப்பு ஒன்று நிதி திரட்டுவதற்காக விற்ற முந்திரிப்பருப்பைத் தின்ற 54 பேருக்குப் பாய்சன் ஐவி பட்டதுபோன்ற தடிப்புகள் வந்தன. மொசாம்பிக்கிலிருந்து வந்த அந்தப் பருப்பில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன. கடைகளில் பச்சை முந்திரி என்று விற்பதும்கூட ஆவியில் வெந்து, ஓடு நீங்கி வந்ததுதான் என்பதால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்துச் சேங்கொட்டையும் இதே குடும்பம். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறியிடுவதற்குப் பயன்படுத்திய கொட்டை அது. அதன் சாறு சுண்ணாம்போடு சேர்ந்து, எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாத கறுப்பாகிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு, சட்டையில் அந்தக் குறி பட்ட இடத்துக்கு நேராகத் தோலில் கொப்புளங்கள் எழுந்ததை அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாய்சன் ஐவியை அடையாளம் காண்பதற்கும் இந்தக் கறுப்பே உதவுகிறது. சந்தேகமான இலையைக் கை படாமல் ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து, கல்லால் நசுக்கி வைத்தால், அதன் சாறு பட்ட இடம் காற்றுப்பட்டு, சில நிமிடங்களில் பழுப்பாகி மெல்லக் கறுத்துவிடும்.

உருஷியால் தோலில் படுகிற முதல் முறை பெரும்பாலும் உடனே எதுவும் நடப்பதில்லை. எண்ணெய் சில நிமிடங்களில் மேல்தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பை உடம்பு அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு, அதைத் தாக்குவதற்கென்றே டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைத் தயார் செய்கிறது. இதற்கு இரண்டு வாரங்களோ மூன்று வாரங்களோ ஆகலாம். அடுத்த முறை அதே எண்ணெய் பட்டால் படை தயாராக இருப்பதால், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ தடிப்பு எழுந்துவிடுகிறது. பாய்சன் ஐவியை அதற்கு முன் தொட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் என் கை இரண்டே நாளில் கொப்புளித்தது. மருத்துவர் என் சிறுவயதுக் கதையைக் கேட்டுவிட்டு, என் உடம்பு பண்ருட்டியிலேயே பயிற்சி எடுத்து வந்திருக்கலாம் என்றார். இதை நிரூபிக்க வழியில்லை, பூங்காவில் எப்போதாவது தெரியாமல் உரசியிருக்கவும் கூடும். என்றாலும் எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, முந்திரியைப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்த என் கணவருக்கு ஒன்றும் வராததை இதற்குச் சான்றாகச் சொல்ல முடியாது. சிலருக்கு இந்த ஒவ்வாமை வருவதே இல்லை. பலருக்குப் பலமுறை பட்ட பிறகு திடீரென்று ஒரு நாள் வந்துவிடுகிறது. ஆகையால் தமக்கு ஒன்றும் ஆகாது என்ற துணிச்சலில் அவர் வெறுங்கையோடு அந்தப் பக்கம் போவதை நான் அனுமதிப்பதில்லை.

இது நஞ்சின் வேலை அல்ல, ஒவ்வாமையின் வேலை என்பது புரிந்தால் அக்கம்பக்கத்தில் நிலவும் பல அச்சங்கள் உதிர்ந்துவிடும். கொப்புளத்தின் நீர் பட்டால் மற்றவர்களுக்குத் தொற்றும் என்று எண்ணி, எங்கள் வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளைச் சில நாள் அனுப்பாமல் இருந்தவர்கள் உண்டு. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியம்மா, அம்மை போட்டதுபோல வேப்பிலை வைத்துத் தனியே படுக்கச் சொன்னார். கொப்புளத்து நீர் நம் உடம்பு சுரக்கிற நீர். அதில் உருஷியால் ஒரு துளியும் கிடையாது. அது யாருக்கும் தொற்றாது, நம் உடம்பிலேயே வேறு இடத்துக்கும் பரவாது. பிறகு ஏன் நாளுக்கு நாள் புதுப்புது இடங்களில் கிளம்புகிறது என்றால், எண்ணெய் அதிகமாகப் பட்ட இடத்திலும் தோல் மெல்லிதாக உள்ள இடத்திலும் முதலில் எழுகிறது, குறைவாகப் பட்ட இடத்திலும் தடித்த தோலிலும் தாமதமாக எழுகிறது. அல்லது எண்ணெய் இன்னும் வீட்டுக்குள் எங்கோ இருந்துகொண்டு திரும்பத் திரும்பக் கையில் ஒட்டுகிறது.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் சொல்லவேண்டியதிலேயே முதன்மையானதாகக் கருதுகிறேன். எல்லோரும் தடிப்புக்கு மருந்து தேடுகிறார்கள். தேட வேண்டியது எண்ணெயை. உருஷியால் ஆவியாகிப் போகாது, பச்சைத் தண்ணீருக்கு அசையாது, கருவிகளின் கைப்பிடியில் ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கக்கூடியது. அம்மாவும் நானும் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். கத்தரி, மண்வெட்டி, கையுறை, காலணியின் நாடா, கொல்லைக் கதவின் கைப்பிடி, இடையில் தண்ணீர் குடித்த புட்டி, அழைப்பு வந்தபோது எடுத்த கைப்பேசி, கழற்றிப் போட்ட மூக்குக் கண்ணாடி. கழுத்தில் ஏன் வந்தது என்பதற்கு வியர்வை துடைத்த துண்டு விடை சொன்னது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்பு ஆல்கஹாலால் துடைத்தோம். துணிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் சுடுநீரில் தனியாகத் துவைத்தோம். தோல் கையுறையைத் துவைத்துப் பயனில்லை என்பதால் எறிந்தோம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதையும் கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்ட வேண்டும். அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் உரோமத்தில் எண்ணெயைச் சுமந்து வந்து மடியில் ஏறி உட்காரும்.

தோலைக் கழுவுவதற்கான நேரம் மிகக் குறுகியது. செடியைத் தொட்ட பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அரைமணி கடந்தால் பலன் மிகவும் குறைந்துவிடும். ஆனாலும் கழுவாமல் விடுவதைவிடத் தாமதமாகக் கழுவுவது மேல், ஏனென்றால் தோலின் மேல் மிஞ்சியிருப்பது வேறு இடங்களுக்குப் போகாமலாவது இருக்கும். இதற்கென்று விலை உயர்ந்த திரவங்கள் விற்கிறார்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் ஓடும் தண்ணீரும் தேய்க்கும் துணியும் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். பிசுக்கேறிய வாணலியை விரலால் தடவினால் எண்ணெய் போகாது, நாரால் தேய்த்தால்தான் போகும், தோலும் அப்படித்தான். நகக்கண்களை மறக்கக் கூடாது.

கொப்புளம் எழுந்த பிறகு செய்யக்கூடியது, சொல்லப்போனால், அதிகமில்லை. ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிடும். அதுவரை அரிப்பைத் தாங்குவதுதான் வேலை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒத்தி ஒத்தி எடுப்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. காலமைன் பூச்சு கசிவை உலர்த்துகிறது, ஓட்ஸ் தூள் கரைத்த குளியல் இதமாக இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு இந்த ஒவ்வாமைக்கு மிகவும் பலவீனமானது. ஒவ்வாமைக்கென்று நாம் விழுங்கும் ஆண்டிஹிஸ்டமின் மாத்திரைகள் இதில் ஏமாற்றமே தருகின்றன, ஏனென்றால் இந்த அரிப்பை முக்கியமாக உண்டாக்குவது, அந்த மாத்திரைகள் தடுக்கிற ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருள் அல்ல. தூக்கம் தரும் பழைய வகை மாத்திரை இரவைக் கடத்த உதவும், அவ்வளவுதான். அந்த ஆண்டிஹிஸ்டமினையே களிம்பாகவும், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயினைப் பூச்சாகவும் விற்கிறார்கள்; அவையே புதிதாக இன்னொரு ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை என்பதால் வாங்காமல் இருப்பது நல்லது. உறவினர் சொன்ன மஞ்சளையும் பச்சிலைச் சாறுகளையும் நான் மறுத்துவிட்டேன். வெடித்த தோலில் சோதனை செய்யக் கூடாது.

முகம், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தாலும், உடம்பின் பெரும்பகுதிக்குப் பரவினாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மூச்சுத் திணறல் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு. எனக்குக் கண்ணிமை வீங்கியபோது, பக்கத்திலிருந்த உடனடிச் சிகிச்சை மையம் ஒன்றில் சில நாளில் முடிந்துவிடும் ஸ்டீராய்டு மாத்திரைத் தொகுப்பைக் கொடுத்தார்கள். சாப்பிட்டவரைக்கும் அற்புதமாக அடங்கியது; தீர்ந்த மறுநாளே பழைய வேகத்தோடு திரும்பியது. டி செல்களின் கோபம் தணிய வாரக்கணக்கில் ஆகும்போது மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும் என்று தோல் மருத்துவர் விளக்கி, பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு மூன்று வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்து வரும்படி எழுதித் தந்தார். பிரெட்னிசோன் சர்க்கரையின் அளவை ஏற்றும். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது என்பதால், மருந்து எழுதுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வேலியில் மிஞ்சியிருந்ததை அகற்றும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை உருஷியால் ஊடுருவிவிடும் என்பதால் தடித்த வினைல் கையுறை வாங்கினோம். மழை பெய்து மண் இளகிய மறுநாள் வேரோடு தோண்டி எடுப்பது எளிது. அறுபட்ட வேர் மண்ணில் தங்கினால் மீண்டும் துளிர்க்கும். சுழலும் நைலான் இழையுள்ள புல்வெட்டியை இதன்மேல் ஓட்டினால் சாறு காற்றில் சிதறி முழங்கால் முதல் முகம் வரை தெறிக்கும். எல்லாவற்றையும்விட, பிடுங்கிய கொடியை எரிக்கவே கூடாது: உருஷியால் புகையோடு ஏறி நுரையீரலுக்குள் போனால், கையில் எழும் கொப்புளம் மூச்சுக்குழாயில் எழுந்ததற்குச் சமம். காட்டுத்தீயை அணைக்கப் போகும் வீரர்களுக்கு இது உண்மையான தொழில் ஆபத்து. எருக்குழியிலும் போடக் கூடாது. காய்ந்த தண்டும் வீரியமுள்ளதுதான். ஆடுகள் இதை ருசித்துத் தின்கின்றன, அவற்றுக்கு எதுவும் ஆவதில்லை. வேலி சுத்தம் செய்ய ஆடுகளை வாடகைக்கு விடுபவர்களும் இங்கே இருக்கிறார்கள். அம்மாவுக்கு அமெரிக்காவில் மிகவும் பிடித்துப்போன செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

செடி குறைந்துகொண்டு வருவதாகவும் தெரியவில்லை. நார்த் கரோலைனாவில் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காட்டில், மரங்களுக்கிடையே கரியமில வாயுவைக் கூடுதலாகச் செலுத்தி ஆண்டுக்கணக்கில் ஓர் ஆய்வை நடத்தினார்கள். 2006-இல் வெளியான அதன் முடிவின்படி, அந்தக் காற்றில் பாய்சன் ஐவி வழக்கத்தைவிட மிக வேகமாக வளர்ந்ததோடு, அதன் உருஷியாலும் இன்னும் கடுமையான வகையாக மாறியிருந்தது. வெட்டிய இடத்திலும் சாலையோரத்திலும் காட்டின் விளிம்பிலும், அதாவது மனிதன் கை வைத்த இடங்களிலெல்லாம், இது செழிக்கிறது.

அடுத்த கோடையில், இந்தியக் கடையிலிருந்து பெட்டியாக வந்த மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன குடும்ப உறவை நினைத்துச் சற்றுத் தயங்கினேன். சதையில் பிரச்சினை இல்லை, தோலிலும் காம்புப் பாலிலும்தான் என்பதால் இப்போது எனக்கு மட்டும் அம்மா கழுவித் தோல் சீவிக் கொடுக்கிறார். கொட்டையைச் சப்புவதை நான் விடவில்லை, உதட்டுக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. புதிய வேலியின் மேல் ராபின் பறவைகள் வந்து உட்காருகின்றன. பாய்சன் ஐவியின் வெளிறிய சிறு காய்களைத் தின்று எச்சத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போவது இவற்றைப் போன்ற பறவைகள்தாம் என்பதால், ஒவ்வோர் ஏப்ரல் இறுதியிலும் வேலியடியில் விரல் உயரத்தில் செம்மையான மூவிலைக் கன்றுகள் முளைக்கின்றன. அவற்றுக்குக் கத்தரியோ மருந்தோ தேவைப்படுவதில்லை. ரொட்டி வாங்கி வந்த நீள உறையைக் கணவர் முழங்கைவரை மாட்டிக்கொண்டு கன்றை வேரோடு பிடுங்குகிறார். பிடித்த பிடியிலேயே உறையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியில் சேர்த்துவிட்டு, கையைப் பாத்திர சோப்பு போட்டுக் கழுவிக்கொள்கிறார்.